அம்மா விளக்குக் கொளுத்தினா, நான் ‘நல்லா வேணும்’ என்றேன்

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு,

லண்டனில் இருந்து எழுதுகிறேன். வயது 46. பெயர் போட வேண்டாம். என் அப்பா பெட்ரோல் ஸ்டேஷன் ஒன்றில் இரவு வேலை, கல்லாவில் நின்றவர். 2020 மார்ச் 27, வெள்ளிக்கிழமை, மூச்சு முட்டுகிறது என்று ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிப் போனது. அன்றைக்குத்தான் பிரதமர் போரிஸ் ஜோன்சனும் தனக்குக் கொரோனா என்று வீடியோவில் சொன்னார். ஏப்ரல் 2, வியாழன் இரவு, தெருவில் எல்லோரும் நர்ஸ்மாருக்குக் கைதட்டிக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்தது. அப்பா போய்விட்டார். நாங்கள் ஒருவரும் பக்கத்தில் இல்லை.

6ஆம் திகதி திங்கள் இரவு, பிரதமரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள் என்று செய்தி. நான் குசினியில் நின்றேன். ‘நல்லா வேணும்’ என்று வாய்விட்டுச் சொன்னேன். மனதுக்குள் ‘சாகட்டும்’ என்றும் ஒருமுறை வந்தது. திரும்பினால் அம்மா சாமி அலுமாரிக்கு முன்னால் விளக்குக் கொளுத்தி, ‘அந்தப் பிள்ளையும் தப்ப வேணும்’ என்று கும்பிடுகிறா. ‘அப்பா போய் நாலு நாள் ஆகேல்லை, அந்தாளுக்கு விளக்கோ’ என்று கத்தினேன். அம்மா ஒரு சொல் பேசவில்லை. விளக்கை அணைக்கவும் இல்லை.

அடுத்த நாள் எழும்பி முதல் வேலையாக அவர் உயிரோடு இருக்கிறாரா என்று ஃபோனைப் பார்த்தேன். இருந்தார். எனக்கு வந்தது ஆறுதலா, ஏமாற்றமா என்று இன்றுவரை தெரியாது. ஈஸ்டர் ஞாயிறு அவர் வெளியே வந்து, தன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற இரண்டு நர்ஸ்மாரின் பெயரைச் சொல்லி நன்றி சொன்னபோது ரிமோட்டைத் தூக்கி எறிந்தேன்.

நானும் அம்மாவும் அதைப் பற்றி இதுவரை கதைத்ததில்லை. இப்போது என் மகனுக்கு 16 வயது. யாரோ ஒரு தலைவருக்குச் சுகமில்லை என்று செய்தி வந்தால் ஃபோனைப் பார்த்துச் சிரிக்கிறான். ‘அப்படிச் சிரிக்காதே’ என்று சொல்ல வாய் எடுத்தால், எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று வருகிறது. நான் கெட்டவளா அக்கா?

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதத்தில் நான் முதலில் பார்த்தது திகதிகளைத்தான். வியாழன் இரவு அப்பா போனார், திங்கள் இரவு அந்தச் செய்தி. இடையில் நாலு நாள். அந்த நாலு நாளும் உங்கள் வீட்டுப் படியேறி ஒருவரும் வந்திருக்க முடியாது. சோறு சமைத்தவர்கள் கதவடியில் வைத்துவிட்டு, மணியை அடித்துவிட்டு, ரோட்டில் நின்று கை காட்டியிருப்பார்கள். அப்பாவின் உடலை எப்போது தருவார்கள், எத்தனை பேர் வரலாம் என்று ஃபோனில் கேட்டுக் கேட்டே பொழுது போயிருக்கும்.

நம்முடைய செத்தவீடு சத்தமானது. அந்தச் சத்தத்துக்குள் ஒரு மகள் யாரையும் திட்டலாம். டொக்டரைத் திட்டலாம், கடவுளைத் திட்டலாம், ‘என்னை விட்டிட்டுப் போயிட்டியளே’ என்று செத்தவரையே ஏசலாம். ஒருவரும் அதைப் பெரிதாக எடுக்க மாட்டார்கள். ஒரு மாமி வந்து தலையைத் தடவி, தேத்தண்ணியை வாயில் வைத்து, ‘அழு பிள்ளை’ என்பா. எட்டு, முப்பத்தொன்று என்று ஆட்கள் வந்து போகப் போக, சொன்ன வார்த்தைகளும் அவர்களோடே போய்விடும். உங்களுக்கு அந்த வீடு கிடைக்கவில்லை. குசினியில் சொன்ன ஒரு சொல் ஆறு வருடமாக உங்களிடமே தங்கிவிட்டது. அதைக் கேட்டுத் தலையைத் தடவ அன்று ஆள் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

அன்றிரவு அந்தச் சொல்லைச் சொன்னது நீங்கள் மட்டும் என்று நினைக்காதீர்கள். அந்த நாட்களில் நான் லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியில், ஊழியர்களுக்கு உளவளத்துணை செய்யும் வேலையில் இருந்தேன். எங்கள் வழமையான கிளினிக்குகளை நிறுத்திவிட்டு, வார்டில் நிற்பவர்களோடு போய் இருங்கள் என்று அனுப்பியிருந்தார்கள். அந்தத் திங்கள் இரவு ஓய்வறையில் தொலைக்காட்சி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கதிரைகளுக்கு இடையில் நிலத்தில் மஞ்சள் டேப். மேசையில் யாரோ அனுப்பிய ஈஸ்டர் முட்டைப் பெட்டிகள், பிரிக்காமல். ஒரு நர்ஸ் வந்து உட்கார்ந்தார். மாஸ்க்கின் விளிம்பு மூக்கின் மேல் சிவப்பாகக் கீறியிருந்தது. திரையில் ஓடிய எழுத்தை வாசித்துவிட்டு, ‘இப்ப தெரியட்டும்’ என்றார். மூலையில் துப்புரவு வேலை செய்யும் வயதான ஒரு பெண் இருந்தா. ‘அவர் கட்டப்போற பெண் பிள்ளைத்தாச்சியாக இருக்கிறா’ என்று மட்டும் சொன்னா. நர்ஸ் பதில் சொல்லவில்லை. தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி அழுதார். ஒரு மணித்தியாலத்துக்கு முன்தான், சாகப்போகும் ஒருவரின் காதருகே டேப்லெட்டைப் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்தில் குடும்பம் அழுவதைக் கேட்டுக்கொண்டு நின்றிருந்தார். பிறகு எழுந்து, முகத்தைக் கழுவி, புது ஏப்ரன் கட்டிக்கொண்டு வார்டுக்குப் போனார்.

அந்த நர்ஸ் பார்த்த கட்டிலுக்கு அன்றிரவு பிரதமரையே கொண்டுவந்து போட்டிருந்தாலும் அவர் அதே கவனத்தோடுதான் பார்த்திருப்பார். எனக்கு அதில் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. வாயில் வந்த சொல் ஒரு பக்கம், கை செய்த வேலை இன்னொரு பக்கம். நான் மனிதர்களை எடைபோடுவது கையை வைத்து. உங்கள் கை அன்றிரவு என்ன கெட்டது செய்தது?

‘சாகட்டும்’ என்று வந்ததே என்கிறீர்கள். நம் ஆட்களுக்கு ஒரு பயம் உண்டு, வயிறெரிந்து சொன்னால் பலிக்கும் என்று. அந்தப் பயம்தான் உங்களைக் காலையில் ஃபோனைப் பார்க்க வைத்தது என்று நினைக்கிறேன். ஒருவர் உண்மையிலேயே சாக வேண்டும் என்று விரும்புகிறவர் அப்படிப் பதறி எழும்ப மாட்டார். உங்களுக்கு வந்தது ஆறுதலா ஏமாற்றமா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும்தான். அவர் பிழைத்ததில் ஆறுதல். அப்பா பிழைக்காததில் ஏமாற்றம். இரண்டும் ஒரே நிமிடத்தில், ஒரே திரையில் வந்ததால் எது எதற்கானது என்று உங்களால் பிரிக்க முடியவில்லை.

அன்று உங்களுக்கு வேண்டியிருந்தது அவருடைய உயிர் இல்லை என்றே நான் நம்புகிறேன். மார்ச் 3ஆம் திகதி செய்தியாளர்களுக்கு முன்னால் நின்று, கொரோனா நோயாளிகள் இருந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன், எல்லோருக்கும் கைகொடுத்தேன் என்று சந்தோஷமாகச் சொன்ன மனிதர் அவர். உங்கள் அப்பா அந்த மாதம் முழுக்க, கண்ணாடித் தடுப்புக்கூட இல்லாத கல்லாவில், தெரியாத ஆட்களின் கையிலிருந்து காசு வாங்கிக்கொண்டு நின்றிருப்பார். எங்களுக்கு நடந்தது என்ன என்று அந்த மனிதருக்கும் ஒருமுறை தெரிய வேண்டும் என்ற ஆவேசம்தான் அது. அநியாயமாக ஒருவரை இழந்தவர்கள் எல்லோரிடமும் நான் கேட்கும் சொல் இது. ஆள் மாறும், சொல் மாறாது.

அந்த வருடம் உலகம் முழுக்க இதுதான் நடந்தது. பிரேசிலில் ஜனாதிபதி ஜயிர் பொல்சொனாரோ, இது ஒரு சின்னக் காய்ச்சல் என்று மார்ச்சில் சொன்னவர், ஜூலை 7ஆம் திகதி தனக்கே தொற்று என்று செய்தியாளர்களுக்கு முன்னால் மாஸ்க்கைக் கழற்றிக்கொண்டு அறிவித்தார். ஒரு பத்திரிகையாளர், அவர் சாக வேண்டும் என்று நான் ஏன் விரும்புகிறேன் என்று காரணகாரியத்தோடு கட்டுரையே எழுதினார். அரசாங்கம் அவர்மேல் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் விசாரணை கேட்டது. அக்டோபர் 2ஆம் திகதி டொனால்ட் டிரம்ப் தனக்குத் தொற்று என்று சொன்ன அன்று, அமெரிக்காவில் அகராதித் தளங்களில் மக்கள் குவிந்து தேடிய சொல், பிறர் துன்பத்தில் வரும் மகிழ்ச்சியைக் குறிக்கும் ஒரு ஜெர்மன் சொல். அப்போது அந்த நாட்டில் இரண்டு லட்சத்துக்கு மேல் செத்திருந்தார்கள். தனக்குள் வந்தது என்ன என்று தெரியாமல் அகராதியைத் திறந்த அவ்வளவு பேரும் கெட்டவர்களாக இருக்க முடியாது.

உங்களைத் திட்டவும் தேற்றவும் முன், அந்த வாரம் இந்த நாடு எப்படிக் கதைத்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். ஞாயிறு, ஏப்ரல் 5, இரவு எட்டு மணிக்கு எலிசபெத் மகாராணி நாட்டுக்கு உரையாற்றினார். அது முடிந்து ஒரு மணித்தியாலத்துக்குள் பிரதமர் ஆஸ்பத்திரியில் என்று செய்தி. அடுத்த நாள் தீவிர சிகிச்சை. செவ்வாய்க்கிழமை, பிரதமரின் பொறுப்பை ஏற்றிருந்த வெளியுறவு அமைச்சர் டொமினிக் ராப், அவர் ஒரு ஃபைட்டர், மீண்டு வருவார் என்றார். நண்பருக்காகக் கலங்கி நின்றவர் சொன்ன சொல், நான் அதைக் குற்றம் பிடிக்கவில்லை. ஆனால் ஐந்து நாளுக்கு முன் அப்பாவைக் கொடுத்த மகளின் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? பிழைக்கிறவர் ஃபைட்டர் என்றால், போனவர் யார்? போரையும் அகதி வாழ்க்கையையும் தாண்டி வந்து, கிழமைக்கு ஆறு இரவு கல்லாவில் நின்ற மனிதருக்குத் துணிவு காணாது என்றா அர்த்தம்?

புதன் இரவு பிபிசியில் செய்தியாளர் எமிலி மெய்ட்லிஸ் தன் நிகழ்ச்சியைத் தொடங்கும்போதே இதைச் சொன்னார். இந்த நோயை மனோபலத்தால் ஒருவரும் வெல்வதில்லை என்றார். இது எல்லோரையும் சமமாகத் தாக்குகிறது என்பதும் உண்மையில்லை. பஸ் ஓட்டுபவர்கள், கடையில் சாமான் அடுக்குபவர்கள், நர்ஸ்மார், முதியோர் இல்ல ஊழியர்கள், கடைக்காரர்கள்தான் அதிகமாக மாட்டிக்கொள்கிறார்கள் என்றார். அதைப் பார்த்தபோது நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்று கேட்டேன். அந்த வாரம் எங்கள் ஆட்களைப் பற்றித் தொலைக்காட்சியில் கேட்ட முதல் நேர்மையான வார்த்தைகள் அவை. உங்களுக்கு அது கிடைத்திருக்காது. அந்தக் கிழமை நீங்கள் செய்தி பார்க்கும் நிலையில் இருந்திருக்க மாட்டீர்கள்.

இனி, உங்கள் கோபத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒருவருடைய நோயை நாம் அவருக்குக் கிடைத்த தண்டனையாக எடுத்துக்கொண்டால், அவர் சுகமாகி எழும்பும்போது அது விடுதலையாகிவிடுகிறது. அந்த ஏப்ரலில் நடந்தது அதுதான். கருத்துக்கணிப்புகளில் அவருக்கான ஆதரவு உச்சத்துக்குப் போனது. ஏப்ரல் 12, ஈஸ்டர் ஞாயிறு, அவர் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்த அதே நாளில் நாட்டின் ஆஸ்பத்திரிச் சாவுகள் 10,000-ஐத் தாண்டின. எந்தச் செய்தி மேலே ஓடியது என்று உங்களுக்கே ஞாபகம் இருக்கும். சாவின் விளிம்பு வரை போய் வந்த மனிதரிடம் ‘பிப்ரவரியில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்’ என்று கேட்பது கொஞ்ச நாளைக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது. அவரைத் தூற்றியவர்களும் அவருக்காக உருகியவர்களும் ஒரே இடத்தில்தான் சறுக்கினார்கள். இரண்டு பேருமே அவருடைய நுரையீரலைப் பார்த்துத் தீர்ப்பு எழுதினார்கள்.

நீங்கள் ரிமோட்டை எறிந்ததும் அதனால்தான் என்று எனக்குப் படுகிறது. குசினியில் நீங்கள் கேட்ட நியாயத்தை அந்தக் கிருமி தரும் என்று மனம் ஒரு நிமிடம் நம்பிவிட்டது. கிருமிக்கு நியாயம் தெரியாது. அவர் எழும்பி வந்ததும் உங்கள் வழக்கே தள்ளுபடியானது போல இருந்திருக்கும்.

வழக்கு தள்ளுபடியாகவில்லை, தங்கச்சி. அது வேறு இடத்தில், மெதுவாக நடந்தது. ஊரடங்கு நாட்களில் பிரதமர் இல்லத்திலும் அரசாங்க அலுவலகங்களிலும் நடந்த விருந்துகளுக்காகப் பொலிஸ் 126 அபராதம் போட்டது. 2022 ஏப்ரலில் அபராதம் கட்டியவர்களில் அவரும் ஒருவர். அந்த ஜூலையில் பதவி விலகுவதாக அறிவித்தார். 2023 டிசம்பரில் கொவிட் விசாரணைக்கு முன்னால் இரண்டு நாள் உட்கார்ந்து பதில் சொன்னார். முதல் நாள் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தபோது, இழந்தவர்களின் குடும்பத்தினர் சிலர் எழுந்து நின்றார்கள். அவர்களை வெளியே அனுப்பினார்கள். 2025 நவம்பரில் வந்த விசாரணை அறிக்கை, 2020 பிப்ரவரியை வீணாய்ப்போன மாதம் என்றது. மார்ச் 23க்குப் பதில் ஒரு வாரம் முந்தி, 16ஆம் திகதியே ஊரடங்கு போட்டிருந்தால், முதல் அலையில் இங்கிலாந்தில் ஏறத்தாழ 23,000 உயிர்கள் மிஞ்சியிருக்கும் என்று கணித்தது. உங்கள் அப்பா அந்த 23,000 பேரில் ஒருவரா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் கோபம் பைத்தியக்காரக் கோபம் இல்லை என்று அந்த அறிக்கை பக்கம் பக்கமாகச் சொல்கிறது. கோபத்தை வைத்திருங்கள். அது பதவியில் இருந்தவர் எடுத்த, எடுக்காமல் விட்ட முடிவுகளின் மேல் இருக்கட்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒக்சிசன் குழாயோடு கிடந்த 55 வயது மனிதனின் மேல் இருந்து அதை இறக்கி வைத்துவிடுங்கள். இரண்டையும் ஒன்றாகச் சுமக்கிறதுதான் உங்களை ஆறு வருடமாக அழுத்துகிறது.

இரண்டையும் பிரித்து வைத்திருக்க முடியும் என்பதற்கு அந்த மே மாதமே உதாரணம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வந்து இங்கே நர்ஸாக, துப்புரவாளராக வேலை செய்கிறவர்கள், அதே மருத்துவச் சேவையைப் பயன்படுத்த ஆண்டுக்கு 400 பவுண் தனிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. அவரைக் காப்பாற்றிய இருவரில் ஒருவர் நியூசிலாந்து, மற்றவர் போர்த்துக்கல். மே 20ஆம் திகதி பாராளுமன்றத்தில் பிரதமர் அந்தக் கட்டணம் சரிதான் என்று வாதாடினார். அவர் சுகமானதில் மனதார மகிழ்ந்தவர்களே அவரைக் கேள்வியால் துளைத்தார்கள். 21ஆம் திகதி, சுகாதார ஊழியர்களுக்கு அந்தக் கட்டணம் நீக்கப்படும் என்று அறிவித்தார்கள்.

ஒரு விஷயம், பக்கத்துக் கதையாகச் சொல்கிறேன். 1918 செப்டம்பரில், பெரிய இன்ஃப்ளூயன்சா காலத்தில், அப்போதைய பிரதமர் லொயிட் ஜோர்ஜ் மான்செஸ்டரில் விழுந்து, நகர மண்டபத்திலேயே கட்டில் போட்டுப் பத்து நாள் அளவில் கிடந்தார். பிழைப்பாரா என்றே சந்தேகமாக இருந்தது. யுத்த காலம் என்பதால் பத்திரிகைகள் சாதாரணத் தடிமன் போல எழுதி முடித்துவிட்டன. அந்தக் காலத்தில் அப்பாவை இழந்த ஒரு மகளுக்குக் கோபப்படக்கூட விபரம் கிடைக்கவில்லை. தலைவர்களின் நோயை மறைக்காமல் சொல்வது நல்லது என்றுதான் நான் நினைக்கிறேன், அது உங்களைப் போன்றவர்களைக் குத்தினாலும்கூட.

இப்போது அம்மா.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, ‘விளக்கை அணைக்கவும் இல்லை’. அந்த நாலு நாளில் அம்மாவின் கைக்கு வேலையே இருக்கவில்லை என்று யோசித்தீர்களா? புருஷனைக் குளிப்பாட்டவில்லை. திருநீறு பூசவில்லை. வாய்க்கரிசி போடவில்லை. கடைசியாக ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை. ஆம்புலன்ஸ் கதவு மூடிய பிறகு அந்த மனிதருக்கு அவ செய்யக் கிடைத்தது ஒன்றுமே இல்லை. திங்கள் இரவு, மூச்சுக்குத் தவிக்கிறார் ஒருவர், பக்கத்தில் வீட்டு ஆள் இல்லை என்று செய்தி வருகிறது. அவ கொளுத்தினது பிரதமருக்கு என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். அப்பாவுக்குக் கொளுத்தப் பிந்திப்போன விளக்கை அவ அன்று கொளுத்தியிருக்கலாம். ‘அந்தப் பிள்ளையும்’ என்றதில் ஒரு ‘உம்’ இருக்கிறதே, அதைக் கவனியுங்கள். இன்னொருவரையும் சேர்த்துத்தான் அவ கும்பிட்டிருக்கிறா.

இது என் ஊகம். சரியா என்று சொல்லக்கூடியவர் அம்மா ஒருவர்தான். அதனால் கேளுங்கள். முதலில் மன்னிப்பில் தொடங்காதீர்கள். தொடங்கினால் அம்மா ‘அதை விடு பிள்ளை’ என்று கதவைச் சாத்திவிடுவா, நம் அம்மாமார் அப்படித்தான். விளக்குத் துடைக்கும்போதோ பூச் சாத்தும்போதோ பக்கத்தில் நின்று, ‘அம்மா, அப்பா போன கிழமை நீங்கள் விளக்குக் கொளுத்தினீங்களே, என்ன நினைச்சுக் கொளுத்தினீங்கள்?’ என்று கேளுங்கள். பிறகு பேசாமல் இருங்கள். அவ அழுதால் தடுக்க வேண்டாம். நீங்கள் கத்தினதைப் பற்றி அதற்குப் பிறகு சொல்லலாம், ஒரு வரி போதும்.

அடுத்தது, அந்த நர்ஸ்மாரின் பெயர். ஜெனி, லூயிஸ் என்று உலகம் முழுக்கத் தெரிந்துவிட்டது. உங்கள் அப்பாவுக்குப் பக்கத்தில் யார் நின்றார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் கடிதத்தின் மிகப் பெரிய வலி அதுதான் என்று நினைக்கிறேன். ‘நல்லா வேணும்’ அதற்குப் பிறகுதான். நல்ல செய்தி, இதற்கு வழி இருக்கிறது. 1990ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றின்படி, இறந்தவரின் சொத்து அலுவல்களைப் பொறுப்பேற்ற சட்டப் பிரதிநிதி அவருடைய மருத்துவக் குறிப்புகளைக் கேட்டுப் பெறலாம். உங்கள் வீட்டில் அது பெரும்பாலும் அம்மாவாகவோ நீங்களாகவோ இருக்கும். அந்த ஆஸ்பத்திரியின் மருத்துவப் பதிவுப் பிரிவுக்கு எழுதுங்கள். அப்பாவின் முழுப் பெயர், பிறந்த திகதி, அனுமதித்த திகதி, இறந்த திகதி, மரணச் சான்றிதழின் பிரதி, சட்டப் பிரதிநிதி என்பதற்கான ஆதாரம் ஆகியவற்றை வையுங்கள். டொக்டர் குறிப்புகள் மட்டும் போதாது, நர்ஸ்மாரின் தினக் குறிப்புகளும் வேண்டும் என்று தனியாக எழுதுங்கள். அதில்தான் எத்தனை மணிக்குத் திருப்பிப் படுக்க வைத்தார்கள், எப்போது வாயை நனைத்தார்கள், குடும்பத்துக்கு எப்போது ஃபோன் எடுத்தார்கள் என்பதெல்லாம் இருக்கும், கீழே கையெழுத்தோடு.

பிந்த வேண்டாம். ஆஸ்பத்திரிகள் வயது வந்தோரின் பதிவுகளைப் பொதுவாக 8 ஆண்டுகள்தான் வைத்திருக்கும். அப்படிப் பார்த்தால் 2028 ஏப்ரல். குறிப்புகள் வந்ததும் தனியாக இருந்து வாசிக்காதீர்கள். சில வரிகள் கடினமாக இருக்கும். நர்ஸாக வேலை செய்யும் ஒரு நண்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். நம் ஆட்களில் அப்படி ஒருவரைத் தெரியாத குடும்பம் லண்டனில் குறைவு.

அம்மா நடக்கக்கூடியவ என்றால், ஒரு வெள்ளிக்கிழமை தேம்ஸ் கரைக்குக் கூட்டிப் போங்கள். பாராளுமன்றத்துக்கு நேர் எதிர்க்கரையில், ஏறக்குறைய 500 மீட்டர் நீளச் சுவர் ஒன்றில் இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு சிவப்பு இதயம் வரைந்திருக்கிறார்கள். 2021 மார்ச்சில் குடும்பங்கள் தொடங்கிய வேலை. இப்போது 2,40,000-க்கு மேல். முதலில் வரைந்தது சாதாரணப் பேனாவால். வெயிலிலும் மழையிலும் வெளிறி ரோஜா நிறமாகிப் பெயர்கள் மறைந்தன. அதனால் தொண்டர்கள் வெள்ளிக்கிழமைதோறும் வந்து, சுவர்ப் பெயிண்டால் ஒவ்வொன்றாகத் திரும்ப வரைகிறார்கள். நான் ஒருநாள் போய் நின்றேன். ஒரு அம்மா முழங்காலில் இருந்து, தூரிகையை விட மெல்லிய பேனாவால், தனக்குத் தெரியாத யாரோ ஒருவரின் பெயரை எழுத்து எழுத்தாக ஊன்றி எழுதிக்கொண்டிருந்தா. அப்பாவின் பெயருக்கு இடம் வேண்டும் என்று அவர்களிடம் கேளுங்கள். தமிழிலேயே எழுதுங்கள். அந்தச் சுவருக்குப் பின்னால் இருப்பது செயின்ட் தோமஸ் ஆஸ்பத்திரி, பிரதமர் கிடந்த அதே இடம். போகும் முன் இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன், அங்கே போய்த் திடுக்கிடக் கூடாது.

ஒரு மருத்துவக் கேள்வியும் கேட்டுவிடுகிறேன். இன்னும் அப்பாவின் அறைக்குள் போக முடியாமல் இருக்கிறதா? அந்தப் பெட்ரோல் ஸ்டேஷன் இருக்கும் ரோட்டைச் சுற்றிப் போகிறீர்களா? ஆஸ்பத்திரி நம்பர் ஃபோனில் வந்தால் நெஞ்சு அடிக்கிறதா? ஆறு வருடத்துக்குப் பிறகும் இவை நாளாந்த வாழ்க்கையைத் தடுத்தால், அது நீடித்த துயரம் என்று பெயர் வைத்திருக்கும் ஒரு நிலை. அதற்குத் தனியான சிகிச்சை இருக்கிறது, பலன் தருகிறது. உங்கள் ஜீ.பீ.யிடம் (குடும்ப டொக்டரிடம்) அந்தச் சொல்லையே பாவித்துக் கேளுங்கள். அம்மாவுக்கும் தேவை என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள், இலவசமாக ஒழுங்கு செய்ய வேண்டியது அவர்கள் பொறுப்பு. மகனை மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

மகனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தகுதி இல்லை என்று நினைக்கிறீர்கள். இந்த விஷயத்தில் அவனோடு கதைக்க உங்களை விடத் தகுதியான ஆள் அந்த வீட்டில் இல்லை. ‘சிரிக்காதே’ என்று தொடங்க வேண்டாம். அவனுக்கு அப்போது பத்து வயது. தாத்தா ஏன் திரும்பி வரவில்லை என்று யாரும் அவனுக்குச் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தத் திங்கள் இரவை அவனுக்குச் சொல்லுங்கள், கத்தினதையும் சேர்த்து. அம்மாவும் ஒருநாள் அப்படிச் சொன்னவ என்று தெரிந்தால் அவன் உங்களை மதிப்பது குறையாது.

குறிப்புகளுக்கு எழுதும் கடிதத்தை இந்தக் கிழமையே எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதச் சங்கடம் என்றால் எனக்கு அனுப்புங்கள், நான் திருத்தித் தருகிறேன். அந்த நர்ஸின் பெயர் கிடைத்ததும் எனக்கும் ஒரு வரி போடுங்கள்.

அன்புடன்,
அக்கா